விலையை நாங்களே சொல்லுவோம்: தோட்டக்காரப் பிள்ளைகள் சிறு வியாபாரம் தொடங்குவது எப்படி

யாழ்ப்பாணத்தில் சுன்னாகமோ, மருதனார்மடமோ, கொடிகாமமோ, எந்தச் சந்தையை எடுத்தாலும் விடிய மூட்டை இறக்கும் கமக்காரர் தன் பொருளுக்குத் தானே விலை சொல்வது அபூர்வம். வாங்குகிறவர் சொல்லுவார், இவர் தலையாட்டுவார். 100 கிலோ கொண்டுபோனால் 10 கிலோவைக் ‘கழிவு’ என்று கழித்துவிட்டு 90 கிலோவுக்குக் காசு கொடுக்கிற வழக்கத்தைப் பற்றி வடக்கில் எத்தனையோ தரம் பேசியாகிவிட்டது. அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கட்டுரை அவர்களின் பிள்ளைகளுக்கு: பள்ளிக்கூடம் போகிற, தோட்டத்தில் கைகொடுக்கிற, சொந்தமாக ஏதாவது விற்றுப் பார்க்க ஆசைப்படுகிற 13 முதல் 18 வயது வரையானவர்களுக்கு. வீட்டில் விளைவதில் கொஞ்சத்தை எடுத்து, சாப்பிடுகிற ஆளின் கையிலேயே கொடுத்து, அதற்கான விலையை நீங்களே சொல்லிப் பழகுவது எப்படி என்பதுதான் விஷயம்.

எல்லாவற்றையும் விற்க வேண்டாம்

தோட்டத்தில் வெங்காயம் நிற்கிறது, மிளகாய் நிற்கிறது, வேலியில் முருங்கை, வளவில் மா, பின்னால் கோழி. எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி ஒழுங்கை முழுக்க அனுப்பத்தான் மனம் வரும். வேண்டாம். ஒன்றை, மிஞ்சினால் இரண்டைத் தெரிவு செய்யுங்கள். தெரிவு செய்யும்போது மூன்று கேள்வி. ஒன்று, கிழமைக்குக் கிழமை கிடைக்குமா? இரண்டு, விற்காமல் இரண்டு நாள் இருந்தால் பழுதாகுமா? மூன்று, பக்கத்து வீட்டார் இதை இப்போது கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்களா? மூன்றாவதுதான் முக்கியம். வளவுக்கு வளவு முருங்கை நிற்கிற ஊரில் முருங்கையிலை விற்க முடியாது. அதே இலையை யாழ்ப்பாண நகரத்து மாடிவீட்டுக்காரர் தேடி வாங்குவார்.

தொடங்குவதற்கு நல்லவை என்று நான் நினைக்கிறவற்றைச் சொல்கிறேன்.

ஊர்க்கோழி முட்டைக்கு எப்போதும் ஆள் உண்டு. ஆனால் 10 கோழி நின்றால் நாளுக்கு 10 முட்டை என்று கணக்குப் போடாதீர்கள். ஊர்க்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்குக் கிடக்கும். அடைகாக்க 21 நாள், பிறகு குஞ்சோடு திரியும் காலம், அதற்குப் பிறகுதான் மறுபடி முட்டை. ஆகவே கோழியின் எண்ணிக்கையில் பாதியைக்கூட நாளாந்தம் வாக்குக் கொடுக்காதீர்கள். முட்டையைக் கழுவவும் வேண்டாம். கழுவினால் ஓட்டின் மேல் இருக்கும் இயற்கையான பூச்சுப் போய்விடும், கெதியாகப் பழுதாகும். அழுக்கிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, கூர்முனை கீழே இருக்க அடுக்குங்கள். எடுத்த திகதியைப் பென்சிலால் ஓட்டில் எழுதினால் போதும். சந்தேகமான முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் அது விற்கிற முட்டை அல்ல.

கீரை முதலீடு தேவையில்லாத வியாபாரம். முளைக்கீரை மூன்று நாலு கிழமையில் பிடுங்கலாம். பொன்னாங்காணியும் வல்லாரையும் வெட்ட வெட்டத் தழைக்கும். வெயில் ஏறமுன் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, அன்றைக்கே கொடுத்து முடித்துவிட வேண்டும். பள்ளிக்கூட நாளில் இது கஷ்டம். சனி, ஞாயிறு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காணியே இல்லாதவர்களுக்குப் பனங்கிழங்கு. ஆவணி, புரட்டாதியில் விழுகிற பழத்தின் கொட்டைகளை யாருடைய வளவோ அவரிடம் கேட்டுப் பொறுக்கி, மணல் பிடிப்பான இடத்தில் பாத்தி போட்டால் மார்கழி, தையில் கிழங்கு. பச்சையாகக் கட்டுக் கட்டாக விற்கலாம். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். இரண்டும் மாதக்கணக்கில் கெடாது. ஒடியல் மாவுக்கு, கூழ் குடிக்கிற குடும்பம் இருக்கும் வரைக்கும் ஆள் இருக்கும். பனை சார்ந்த பொருட்களில் ஏதும் சந்தேகம் இருந்தால் கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

மாம்பழம் ஆசை காட்டும். கறுத்தக் கொழும்பானுக்கு விலையும் உண்டு. ஆனால் பருவம் குறுகியது. விழுந்து அடிபட்ட பழம் அடுத்த நாளே கறுத்துவிடும். கொக்கத்தடியில் வலைப்பை கட்டி, காம்போடு பிடுங்கி, காம்பைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பால் வடியவிட்டு, வைக்கோலில் பழுக்க வையுங்கள். காபைட் கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம். உங்களிடம் வாங்குகிறவர் உங்களைத் தேடி வருவதே அது இல்லை என்ற நம்பிக்கையில்தான்.

அப்பாவிடம் காசு கொடுத்து வாங்குங்கள்

பெரும்பாலான வீடுகளில் இதைச் செய்வதில்லை. பிள்ளை தோட்டத்திலிருந்து 20 கிலோ வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போய் விற்று, வந்த காசு முழுவதும் தனக்கு இலாபம் என்று நினைக்கும். அது இலாபம் இல்லை. அப்பாவின் விதை வெங்காயம், இறைப்பு, மின்சாரம், பசளை, கூலி எல்லாம் அதற்குள் இருக்கிறது. அன்றைய சந்தை விலை என்னவோ அதே விலைக்கு அப்பாவிடம் வாங்குங்கள். கையில் காசு இல்லையென்றால் கடனாக வாங்கி, கொப்பியில் எழுதி, விற்றதும் முதலில் அதைக் கொடுங்கள். அம்மாவின் கோழி என்றால் அம்மாவுக்குக் கொடுங்கள். தீன் நீங்கள் போடுகிறீர்களா, அம்மா போடுகிறாவா என்பதையும் பேசி முடிவெடுங்கள்.

பெற்றோருக்கும் இதில் ஒரு சொல். ‘சின்னப் பிள்ளைதானே, வைத்துக்கொள்ளட்டும்’ என்று காசை வாங்காமல் விடாதீர்கள். அப்படி விட்டால் தோட்டத்தில் ஒரு கிலோ வெங்காயம் விளைய என்ன செலவு என்பதை அந்தப் பிள்ளை ஒருநாளும் கேட்காது. இன்னொன்று: பிள்ளை உழைத்த இலாபத்தை வீட்டுச் செலவுக்கு எடுக்க வேண்டி வந்தால் கடனாக எடுங்கள், திருப்பிக் கொடுங்கள்.

விலை போடுகிற கணக்கு

ஒரு உதாரணத்தைக் கொப்பியில் போட்டுப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக வைத்தவை, உங்கள் நாளின் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

சின்ன வெங்காயம் 20 கிலோ, சந்தை விலை கிலோ 200 ரூபா. அப்பாவுக்கு 4,000. வேர் நறுக்கி, தாள் அகற்றி, அழுகலும் பொடியும் பொறுக்கிய பிறகு கையில் 18 கிலோ. அரைக் கிலோப் பைகள் 36, ஒன்று 5 ரூபாப்படி 180. சைக்கிள் ஒட்டு, போன் டேட்டா என்று 120. மொத்தச் செலவு 4,300. அதை 20ஆல் பிரிக்கக்கூடாது, 18ஆல் பிரிக்க வேண்டும்: கிலோவுக்கு ஏறத்தாழ 239 ரூபா. இதற்குக் கீழே விற்றால் நட்டம்.

இனிக் கடையில் என்ன விலை என்று பாருங்கள். 300 என்று வைப்போம். நீங்கள் 290 சொல்கிறீர்கள். 18 கிலோவும் போனால் 5,220. மிச்சம் 920. பொறுக்க, கட்ட, கொண்டுபோய்க் கொடுக்க எல்லாமாக நாலு மணித்தியாலம் என்றால் மணிக்கு 230 ரூபா. பரவாயில்லை. ஆனால் 2 கிலோ விலைப்படாமல் நின்றால்? வரவு 4,640, மிச்சம் வெறும் 340. இரண்டு கிலோ மீதிதான், இலாபத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. அதனால்தான் முதலில் ஓர்டர் எடுத்துவிட்டுப் பிறகு பொருள் எடுங்கள் என்கிறேன். 15 கிலோவுக்கு ஆள் இருந்தால் 17 கிலோ மட்டும் எடுங்கள்.

கடையை விடக் குறைத்து விற்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பொறுக்கிய, காய்ந்த, ஒரே அளவான வெங்காயத்தை வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறீர்கள்; கடை விலையே சொல்லலாம், சில பொருளுக்குக் கூடவும் சொல்லலாம். கூச்சம்தான் தடை. ‘அன்ரி, நீங்கள் பார்த்துத் தாங்கோ’ என்ற சொல்லை முதல் நாளே விட்டுவிடுங்கள். அவர் பார்த்துத் தருவது சந்தையில் அப்பாவுக்குக் கிடைக்கிற அதே விலைதான். ‘அரைக் கிலோ 145 ரூபா அன்ரி’ என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ‘என்னடா கூடச் சொல்லுறாய்’ என்று கேட்டால் கோபப்படவும் வேண்டாம், உடனே குறைக்கவும் வேண்டாம். பையைத் திறந்து காட்டுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் சரி, அடுத்த வீடு.

விலை ஏறி இறங்கும். கிழமைக்கு ஒருமுறை, குறிப்பிட்ட ஒரு நாளில் மட்டும் விலையை மாற்றுங்கள். ஒரே நாளில் ஒரு வீட்டுக்கு ஒரு விலை, அடுத்த வீட்டுக்கு இன்னொரு விலை என்றால் பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும்.

முதல் பத்து வீடு

விளம்பரம் வேண்டாம், பத்து வீடு போதும். ரீச்சர், அம்மாவோடு கோயிலுக்குப் போகிற மாமி, வங்கியிலோ கச்சேரியிலோ வேலைசெய்கிற அண்ணா, சமைக்க நேரமில்லாத வீடு ஆகியவைதான் நல்ல தொடக்கம். இனசனத்தை மட்டும் நம்ப வேண்டாம். அவர்கள் முதல் கிழமை பாசத்தில் வாங்குவார்கள், மூன்றாம் கிழமை சும்மா கேட்பார்கள். முதல் தரம் போகும்போது மாதிரிக்குக் கொஞ்சம் கொடுங்கள், இலவசம் அந்த ஒருமுறைதான்.

நாளை நிலையாக வையுங்கள். ‘சனிக்கிழமை காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் வருவேன்’ என்றால் மழை பெய்தாலும் வரவேண்டும், வரமுடியாவிட்டால் வெள்ளி பின்னேரமே சொல்லிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் நிற்கிற ஒழுங்கை எது என்று உங்களுக்கே தெரியும். அந்த மாதங்களில் வட்டத்தைச் சுருக்குங்கள். கடையில் இல்லாத எதை நீங்கள் கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் இந்தச் சனிக்கிழமைதான்.

வட்ஸ்அப்பில் ஒரு குழு போதும். அம்மாவின் அல்லது அப்பாவின் இலக்கத்தில் தொடங்குங்கள். வியாழன் இரவு என்ன இருக்கிறது, என்ன விலை, எவ்வளவு இருக்கிறது என்று ஒரு செய்தி, வெள்ளி மாலை ஆறு மணியோடு ஓர்டர் முடிவு. படம் எடுத்தால் இன்றைக்குப் பிடுங்கிய பொருளின் படத்தையே போடுங்கள். காலை வணக்கப் படங்கள் அந்தக் குழுவில் வேண்டாம். இரண்டு நாளில் எல்லோரும் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள்.

‘மருந்து அடிச்சதோ?’

இந்தக் கேள்வி கட்டாயம் வரும், முதல் நாளே வரும். 2021இல் இரசாயனப் பசளைக்கு வந்த தடையும் அந்த ஆண்டு முடியமுன்பே அது எடுக்கப்பட்டதும் எல்லோர் வாயிலும் ‘சேதனம்’, அதாவது இரசாயனம் இல்லாதது, என்ற சொல்லை வைத்துவிட்டுப் போயிற்று. அப்பா மருந்து அடிக்கிறவர் என்றால் அடித்தது என்று சொல்லுங்கள். எப்போது அடித்தது, அதற்குப் பிறகு எத்தனை நாள் விட்டுப் பிடுங்கினோம் என்பதையும் சொல்லுங்கள். அறுவடைக்கு முன் எத்தனை நாள் விடவேண்டும் என்பது மருந்துப் போத்தலின் லேபலிலேயே இருக்கும். அதைப் பார்த்துத் தோட்டத்துக் கலண்டரில் குறிப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். மருந்து அடிப்பது ஒருபோதும் உங்கள் வேலை இல்லை. ‘இயற்கை’ என்று எழுதினால் அதை நிரூபிக்க வேண்டிவரும். குடும்பம் உண்மையாகவே ஒழுங்கான முறைக்கு மாற விரும்பினால், விவசாயத் திணைக்களம் நல்ல விவசாய நடைமுறைக்குச் சான்றிதழ் கொடுக்கிறது. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலும் விவசாய ஆலோசனை கிடைக்கும்.

கொப்பி

160 பக்கக் கொப்பி ஒன்று. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, பின்பக்கம் கடன். சாதாரண தரத்தில் வணிகக் கல்வியும் கணக்கீடும் எடுக்கிறவர்களுக்கு இது வீட்டுப்பாடம் மாதிரி. விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் எடுக்கிறவர்களுக்கோ தோட்டமே செய்முறை. வீட்டுக் காசையும் வியாபாரக் காசையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். கடன் ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான்: போன கிழமைக் காசு வராமல் இந்தக் கிழமைப் பொருள் இல்லை. கேட்கக் கூச்சமாக இருந்தால் செய்தியாக அனுப்புங்கள்: ‘மாமி, போன சனி 290 ரூபா, இந்தச் சனி 145 ரூபா, மொத்தம் 435.’ வேறு ஒரு சொல்லும் தேவையில்லை.

18 வயதுக்கு முன் வங்கிக் கணக்குத் திறப்பதென்றால் பெற்றோரோடு வங்கிக்குப் போய்க் கேளுங்கள். வங்கியில் நேரே போட விரும்புகிறவர்களுக்கு அந்தக் கணக்கு இலக்கத்தைக் கொடுக்கலாம், ஆனால் பணம் வந்ததா என்று பார்த்த பிறகே கொப்பியில் வெட்டுங்கள். காட்டிய ஸ்கிரீன்ஷாட்டை நம்பி வெட்ட வேண்டாம்.

சட்டம் எங்கே தொடங்குகிறது

சொந்தத் தோட்டத்துப் பச்சைப் பொருளைத் தெரிந்த பத்து வீட்டுக்குக் கொடுக்கும் வரை பெரிய சோலி இல்லை. ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது தராசு. விலைக்கு நிறுத்துக் கொடுக்கிற தராசு, அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை உள்ளதாக இருக்கவேண்டும். சமையலறைத் தராசைக் கொண்டு திரியாதீர்கள். தொடக்கத்தில் பிடி, கட்டு, எண்ணிக்கை என்று விற்கக்கூடிய பொருளாக எடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

இரண்டாவது, பொருளின் உருவத்தை மாற்றும் இடம். மோர் மிளகாய், வேப்பம்பூ வடகம், மிளகாய்த் தூள், நெல்லிரசம் என்று போனால் அது பொதி செய்த உணவு. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் லேபல் விதிகளும் அதற்குப் பொருந்தும். பொருளின் பெயர், சேர்மானங்கள், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், செய்தவரின் பெயரும் முகவரியும் எல்லாம் எழுதவேண்டும். செய்கிற இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார். அவர் வந்து பிடிக்கும் வரைக்கும் காத்திருக்காமல், நீங்களே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் பெற்றோரோடு போய் ‘இதைச் செய்ய நினைக்கிறோம், என்ன வேண்டும்’ என்று கேளுங்கள். உணவு செய்து விற்கப் பிரதேச சபையின் அனுமதி வேண்டுமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

மூன்றாவது பெயர். சொந்தப் பெயரில் விற்கும் வரை ஒன்றுமில்லை. கவர்ச்சியாக ஒரு பெயர் வைத்து நடத்தினால் வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும். அதற்குப் பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் கேட்பார்கள். 18 வயதாகும் வரை அது அம்மா அல்லது அப்பா பெயரில்தான் இருக்கமுடியும். முதல் ஆறு மாதத்துக்கு இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். பெயரும் லோகோவும் தயார், விற்கப் பொருள் இல்லை என்ற வியாபாரங்கள் முகநூலில் நிறையவே கிடக்கின்றன.

கூட்டாளி வேண்டுமென்றால் இலாபத்தைப் பங்கு போடுங்கள், சம்பளத்துக்கு ஆள் பிடிக்காதீர்கள். வேலைக்கு அமர்த்தக்கூடிய மிகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. உங்கள் வகுப்புத் தோழனுக்கு 15 வயது என்றால் அவனை நீங்கள் ‘வேலைக்கு’ வைக்கமுடியாது.

படிப்பும் பாதுகாப்பும்

சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் முன்பே வாடிக்கையாளர்களிடம் சொல்லி நிறுத்துங்கள். முடிந்ததும் திரும்பத் தொடங்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். தம்பியோ தங்கச்சியோ பொறுப்பெடுத்தால் கொப்பியையும் கொடுங்கள், இலாபமும் அந்தக் காலத்தில் அவர்களுக்குத்தான்.

பொருள் கொடுக்க இரண்டு பேராகப் போங்கள். கேற்றடியில் கொடுங்கள், வீட்டுக்குள் போகவேண்டாம். இருட்டின பிறகு போவதில்லை. தெரியாத இலக்கத்திலிருந்து வருகிற ஓர்டரைப் பெரியவர்கள்தான் முதலில் பேசவேண்டும். இதில் சமரசம் இல்லை.

வெளிநாட்டுக்காரரும் கொழும்புப் பார்சலும்

ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளை ஒட்டிக் கனடா, லண்டன் என்று இருக்கிற சொந்தங்கள் வந்திறங்குவார்கள். ஒடியல், புழுக்கொடியல், மோர் மிளகாய், வீட்டில் இடித்த தூள் எல்லாவற்றுக்கும் அப்போது நல்ல விலை. அதற்காகக் காயவைப்பதும் இடிப்பதும் பங்குனி, சித்திரை வெயிலிலேயே தொடங்கவேண்டும், ஆடியில் ஓடித்திரிந்து பயனில்லை. வேப்பம்பூவும் அந்த வெயில் காலத்துப் பொருள்தான். காய்ந்த பொருளையே கொடுங்கள். பச்சைப் பழம், விதை, கன்று கொண்டுபோகப் பெரும்பாலான நாடுகளில் கட்டுப்பாடு இருக்கிறது. விமான நிலையத்தில் எறிய வேண்டிவந்தால் உங்கள் பெயர்தான் கெடும். வந்தவர் ஆயிரம் ரூபாத் தாளை நீட்டி ‘மிச்சத்தை வைச்சிரு’ என்பார். மிச்சத்தைக் கொடுங்கள். பிடிவாதமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதை வியாபார வரவில் எழுதாதீர்கள். எழுதினால் அடுத்த மாதம் கணக்கு உங்களை ஏமாற்றும்.

கொழும்பு ஓர்டர் ஊரில் ஓரளவு பழகிய பிறகு. இரவு பஸ்ஸில் பார்சல் போடலாம், கூரியரும் இருக்கிறது. கீரையும் முட்டையும் அதில் சரிவராது. வெங்காயம், ஒடியல் மா, தூள் வகை அனுப்பலாம். பணம் கணக்குக்கு வந்த பிறகே பெட்டியைக் கட்டுங்கள், அனுப்புகிற கூலியை வேறாகச் சொல்லுங்கள். வெங்காயம் என்றால் பொலித்தீனில் கட்டாமல் வலைப்பையில் போட்டு, காற்றோட்டத்துக்குப் பெட்டியில் துளை போடுங்கள். வெளியே பெறுபவரின் பெயரும் போன் இலக்கமும் இரண்டு பக்கத்திலும் எழுதுங்கள். பஸ் இலக்கத்தையும் நடத்துனரின் இலக்கத்தையும் படம் எடுத்து வாங்குகிறவருக்கு அனுப்பிவிட்டு, காலையில் எடுத்தாரா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.